தாமரைக்கு அல்லி சொந்தமா?

முதலில் ஒரு கேள்வி. தாமரை, அல்லி, தென்னை, நீலகிரித் தேயிலைத் தோட்டங்களில் நிழலுக்காக நட்டிருக்கும் சில்வர் ஓக் மரம். மற்ற மூன்றில் தாமரைக்கு மிக நெருங்கிய சொந்தம் எது?

கேட்டவுடனே அல்லி என்றுதான் வாயில் வரும். ஒரே குளம், ஒரே சேறு, வட்ட வட்டமான இலை, நீண்ட தண்டு, அடுக்கடுக்கான இதழ். ஆனால் சரியான விடை சில்வர் ஓக். இரண்டாம் இடம் தென்னைக்கு. அல்லிக்குக் கடைசி இடம்.

இதை முதன்முதலில் படித்தபோது எனக்கு நம்பிக்கை வரவில்லை. சேற்றில் கிடக்கும் பூவுக்கும் மலையில் எண்பது அடி உயரத்துக்கு நிற்கும் மரத்துக்கும் என்ன உறவு? அந்தக் குழப்பம் தீரவேண்டுமானால், செடிகளிடையே 'சொந்தம்' என்று எதைச் சொல்கிறோம் என்று முதலில் பார்க்கவேண்டும். அது பிடிபட்டால் மற்றதெல்லாம் எளிது.

நம் வீடுகளில் உறவைச் சொல்லும் முறையே இதற்குப் போதும். அண்ணன் தம்பி என்றால் ஒரு படி மேலே ஏறினாலே பொதுவான பெற்றோர் கிடைத்துவிடுவார்கள். ஒன்றுவிட்ட அண்ணன் என்றால் தாத்தா வரை ஏறவேண்டும். இரண்டுவிட்ட அண்ணன் என்றால் கொள்ளுத்தாத்தா வரை. எத்தனை படி ஏறினால் இருவருக்கும் பொதுவான ஆள் கிடைக்கிறார் என்பதே கணக்கு. முகஜாடைக்கு இந்தக் கணக்கில் இடமே கிடையாது. பக்கத்து ஊரில் உங்களை அச்சில் வார்த்தாற்போல் ஒருவர் இருக்கலாம்; அதற்காக அவருக்குச் சொத்தில் பங்கு வராது. உங்கள் ஜாடை துளியும் இல்லாத ஒன்றுவிட்ட தம்பி பங்கு கேட்டு வருவார்.

செடிகளுக்கும் இதே கணக்குத்தான். படிகள் மட்டும் கோடிக்கணக்கில். பூக்கும் செடிகள் எல்லாம் ஒரே பெரிய குடும்பம். ஏறத்தாழ மூன்று லட்சம் இனங்கள். இந்தக் குடும்பத்தின் ஆதிமூதாதையிலிருந்து கீழே இறங்கி வருவோம். இன்று உயிரோடு இருப்பவற்றில் முதலில் தனிக்குடித்தனம் போன கிளையில் மிஞ்சியிருப்பது ஒரே ஒரு செடி. பெயர் அம்போரெல்லா. பசிபிக் கடலில் நியூ கலிடோனியா என்ற தீவைத் தவிர வேறெங்கும் இயற்கையாக வளராத ஒரு புதர். அடுத்துப் பிரிந்து போனது அல்லிக் கூட்டம். மூன்றாவதாகப் பிரிந்த கிளையில் இருப்பவரை உங்களுக்கு நன்றாகவே தெரியும்: பிரியாணியில் கிடக்கும் அன்னாசிப்பூ.

இந்த மூன்றும் போனபிறகு மிச்சமிருந்த பெருங்கிளை மளமளவென்று பிரிந்தது. மிளகு, சீத்தா, செண்பகம், இலவங்கப்பட்டை ஒரு பக்கம். நெல், தென்னை, வாழை, புல் பூண்டு ஒரு பக்கம். மா, வேம்பு, செம்பருத்தி, அவரை, கத்தரி என்று நாம் அன்றாடம் பார்க்கும் பெரும்பாலானவை இன்னொரு பக்கம். தாமரை இருப்பது இந்தக் கடைசிப் பக்கத்தில்.

இப்போது உறவைக் கணக்கிட்டுப் பாருங்கள். தாமரைக்கும் மாமரத்துக்கும் பொதுவான மூதாதை அந்தக் கடைசிப் பக்கத்துக்குள்ளேயே கிடைத்துவிடும். தாமரைக்கும் தென்னைக்கும் என்றால் இன்னும் கொஞ்சம் மேலே ஏறவேண்டும். அன்னாசிப்பூவுக்கு அதற்கும் மேலே. அல்லிக்கோ, அன்னாசிப்பூவையும் தாண்டி, கிட்டத்தட்ட உச்சிக்கே போகவேண்டும். ஆக, சமையலறை அஞ்சறைப் பெட்டியில் இருக்கும் எதை எடுத்தாலும் அது அல்லியைவிடத் தாமரைக்கு நெருக்கம்.

இதையே அல்லியின் பக்கம் நின்று பார்த்தால் இன்னொரு வேடிக்கை. அல்லிக்குத் தாமரை, தென்னை, மா, மிளகு எல்லாமே ஒரே தொலைவு. எதை எடுத்தாலும் பொதுவான மூதாதை அதே இடத்தில்தான் இருக்கிறது. குடும்பத்தில் முதலில் பிரிந்து வெளியூர் போன பெரியவரின் பேரனுக்கு, ஊரில் தங்கிய தம்பியின் பேரப்பிள்ளைகள் எல்லாருமே ஒரே முறைதானே? அவர்களில் ஒருவன் மட்டும் தன்னைப்போல மீசை வைத்திருக்கிறான் என்பதற்காக அவன் கூடுதல் சொந்தமாகிவிட மாட்டான்.

அந்த மீசை எப்படி வந்தது என்பது பிறகு. முதலில் குளக்கரைக்குப் போவோம்.

இலையில் தொடங்குங்கள். அல்லி இலை தண்ணீர்மேல் படுத்திருக்கும். வட்டமாக இருந்தாலும் ஒரு பக்கம் கத்தியால் கீறியதுபோல் ஒரு வெட்டு உண்டு. அந்த வெட்டின் உட்கோடியில் காம்பு சேரும். தாமரை இலையில் வெட்டே கிடையாது. காம்பு நட்டநடுவில், குடைக்குக் கம்பி பொருத்தியதுபோல் நிற்கும். தாமரையின் இளஞ்செடி விடும் முதல் இலைகள் மிதக்கும் என்பது உண்மை. ஆனால் பின்னால் வருகிறவை தண்ணீரைவிட்டு எழுந்து, காற்றில் தலையாட்டும். வெட்டு இருக்கிறதா இல்லையா என்பதை மட்டும் பார்த்தாலே பெரும்பாலும் தவறு நேராது. பூ தண்ணீருக்கு எவ்வளவு மேலே நிற்கிறது என்பதை நம்பாதீர்கள்; நீல நிறத்தில் பகலில் பூக்கும் அல்லிகளும் பூவைக் கொஞ்சம் தூக்கிப் பிடிப்பதுண்டு.

அடுத்து ஒரு கை தண்ணீர் தெளியுங்கள். தாமரை இலையில் அது முத்து முத்தாக உருண்டு ஓடும். ஒட்டாத உறவுக்குத் 'தாமரை இலைத் தண்ணீர்' என்று நம்மவர்கள் சொன்ன உவமைக்குப் பின்னால் இருக்கும் இயற்பியலை 1997-ல் ஜெர்மனியின் வில்ஹெல்ம் பார்த்லோட்டும் கிறிஸ்டோஃப் நைன்ஹுய்ஸும் விரிவாக எழுதினார்கள். இலையின் மேல்பரப்பு முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத சிறுசிறு மேடுகள். அவற்றின்மேல் மெழுகுத் துகள்கள். துளி அந்த மேடுகளின் உச்சியை மட்டுமே தொட்டுக்கொண்டு நிற்கிறது, கீழே காற்று. ஆணிப் படுக்கையில் வைத்த பந்து மாதிரி. உருளும்போது தூசியையும் சேர்த்து அள்ளிக்கொண்டு போய்விடுகிறது. அல்லி இலை பளபளப்பாக இருக்கும், ஆனால் இந்த வித்தை அதனிடம் இல்லை.

இலையைவிடப் பூவின் நடுப்பகுதிதான் உண்மையைப் போட்டு உடைக்கும். தாமரையின் நடுவில் கவிழ்த்த கூம்புபோல ஒரு மேடை இருக்கிறதல்லவா, பொகுட்டு என்று அழகான பெயர் உண்டு. அதில் குழி குழியாக, ஒவ்வொரு குழியிலும் ஒரு சூலகம் தனித்தனியே உட்கார்ந்திருக்கும். ஒன்றோடொன்று ஒட்டாது. காய்த்தபின் பொகுட்டு காய்ந்து, குழிக்குள் கொட்டைகள் கிலுகிலுக்கும். அலங்காரக் கடைகளில் சாயம் பூசி விற்பது இதைத்தான்.

அல்லிக்குப் பொகுட்டே கிடையாது. அதன் சூலகங்கள் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே கிண்ணமாகிவிடும். இதழ்களை வெளியிலிருந்து உள்ளே எண்ணிக்கொண்டே போனால் இன்னொன்றும் தெரியும்: இதழ் எங்கே முடிகிறது, மகரந்தக் கேசரம் எங்கே தொடங்குகிறது என்று கோடு போட முடியாது. அகன்ற இதழ் மெல்லக் குறுகி, நுனியில் மகரந்தம் வைத்துக்கொண்டு, கேசரமாகவே ஆகிவிடும். பூத்து முடிந்ததும் தண்டு வளைந்து காயைத் தண்ணீருக்குள் இழுத்துக்கொள்ளும். காய் அங்கேயே பழுத்து வெடிக்கும். உள்ளே கடுகு கடுகாக ஏராளமான விதைகள். ஒவ்வொன்றையும் சுற்றிப் பஞ்சுபோன்ற ஓர் உறை, அது காற்றைப் பிடித்து வைத்திருப்பதால் கொஞ்ச தூரம் மிதந்துபோகும். இலங்கையில் இந்த விதைகளைச் சேர்த்து அரிசிபோலச் சமைப்பதும் உண்டு.

கண்ணுக்குத் தெரியாத ஒரு வேறுபாடுதான் உறவைக் கணிக்க எல்லாவற்றையும்விடப் பெரிய சாட்சி. மகரந்தத் தூள் ஒன்றை நுண்ணோக்கியில் வைத்தால், அதிலிருந்து குழாய் முளைத்து வெளிவருவதற்கான வாசல் தெரியும். அல்லித் தூளில் வாசல் ஒன்றே ஒன்று. தாமரைத் தூளில் மூன்று பிளவுகள். மா, வேம்பு, செம்பருத்தி, கத்தரி இருக்கும் பக்கத்தின் குடும்ப முத்திரையே இந்த மூன்று வாசல் அமைப்புதான். பின்னால் அதில் மாற்றங்கள் வந்தாலும் தொடக்கம் அதுவே. தென்னைக்கும் நெல்லுக்கும்கூட அது கிடையாது. தண்ணீருக்குள் மாறுவேடம் போட்டிருந்தாலும் தாமரை தன் வீட்டு முத்திரையை மகரந்தத்தில் வைத்திருந்தது.

இவ்வளவு வேறுபாடு இருந்தும் அறிஞர்கள் எப்படி ஏமாந்தார்கள்? 1753-ல் சுவீடனின் லின்னேயஸ் செடிகளுக்கெல்லாம் இரட்டைப் பெயர் சூட்டியபோது, தாமரையை அல்லியின் பேரினத்திலேயே சேர்த்து நிம்ஃபேயா நெலும்போ என்று எழுதினார். பத்து ஆண்டு கழித்து, 1763-ல், பிரான்ஸின் அதான்சோன் அதைப் பிரித்து நெலும்போ என்று தனிப் பேரினம் ஆக்கினார். இந்தச் சொல் சிங்களத்தில் தாமரைக்கு வழங்கும் 'நெலும்' என்பதிலிருந்து போனது. பேரினம் பிரிந்தாலும் குடும்பம் பிரியவில்லை. பெந்தாமும் ஹூக்கரும் 1862 முதல் 1883 வரை வெளியிட்ட வகைப்பாட்டில் தாமரை அல்லிக் குடும்பத்துக்குள்ளேயே இருந்தது. நம் கல்லூரிகளில் தலைமுறை தலைமுறையாகத் தாவரவியல் படித்தவர்கள் மனப்பாடம் செய்தது அந்த வகைப்பாட்டைத்தான்.

மகரந்தத்தைப் பார்த்தவர்களுக்குச் சந்தேகம் இருந்தது. ஆனால் 'அல்லி இல்லையென்றால் வேறு யார்?' என்ற கேள்விக்கு விடை சொல்ல உருவத்தைப் பார்ப்பது மட்டும் போதவில்லை. அந்த விடை மரபணுவிலிருந்து வந்தது.

மரபணுவை வைத்து உறவு கண்டுபிடிப்பது எப்படி என்று ஓலைச்சுவடியை வைத்து விளக்குவது எனக்குப் பிடிக்கும். ஒரு மூலச்சுவடியைப் பலர் பார்த்துப் பிரதி எடுக்கிறார்கள். ஒவ்வொருவர் கையிலும் சில எழுத்துப் பிழைகள் விழுகின்றன. அந்தப் பிரதியைப் பார்த்து அடுத்தவர் எழுதும்போது பழைய பிழையும் சேர்ந்தே வருகிறது, புதிதாகவும் சில சேர்கின்றன. நூற்றாண்டுகள் கழித்து ஏழெட்டுப் பிரதிகள் ஒரு பதிப்பாசிரியர் கைக்கு வருகின்றன. அவர் பாடபேதங்களைக் குறித்துக்கொண்டே போகிறார். இரண்டு பிரதிகளில் ஒரே இடத்தில் ஒரே விசித்திரப் பிழை, அதுவும் ஓரிடத்தில் அல்ல, இருபது முப்பது இடத்தில் இருந்தால், இரண்டும் ஒரே தாய்ப்பிரதியிலிருந்து வந்தவை என்று அவருக்குத் தெரிந்துவிடும். அட்டை ஒரே நிறம் என்பதெல்லாம் அவருக்கு ஒரு பொருட்டே அல்ல.

செடிகளில் அந்தச் சுவடியின் ஒரு பக்கமாக அறிஞர்கள் எடுத்துக்கொண்டது, இலையில் பச்சையத்தை வைத்திருக்கும் பசுங்கணிகம் என்ற நுண்ணுறுப்பில் இருக்கும் ஆர்.பி.சி.எல். என்ற மரபணு. காற்றிலிருக்கும் கரியமில வாயுவைப் பிடித்து உணவாக்கும் நொதியின் ஒரு பகுதியை உண்டாக்குவது அது. பச்சையாக இருக்கும் செடி எதுவானாலும் இந்தப் பக்கம் அதனிடம் இருக்கும். அதனால் எதையும் எதோடும் ஒப்பிடலாம். 1993-ல் மார்க் சேஸும் பெரிய குழு ஒன்றும் 499 செடிகளில் இந்த ஒரே மரபணுவை ஒப்பிட்டு ஒரு குடும்ப மரம் வரைந்தார்கள். தாமரை போய் உட்கார்ந்த இடம் அல்லி இருந்த இடத்துக்கு வெகு தொலைவில் இருந்தது. பக்கத்தில் இருந்தவை இரண்டு: பிளேன் மரமும், புரோட்டியா என்ற, பெரும்பாலும் பூமியின் தென்பாதியில் வளரும் செடிகளின் குடும்பமும்.

பிளேன் மரம் என்றதும் ஐரோப்பாவின் சாலையோரங்கள் நினைவுக்கு வரலாம். நம் நாட்டில் அதற்குப் பெயர் சினார். காஷ்மீரில் இலையுதிர் காலத்தில் தீப்பிடித்ததுபோல் சிவக்குமே, அதே மரம். புரோட்டியா குடும்பத்தின் ஆள்தான் நம் சில்வர் ஓக்; ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவந்து தேயிலைக்கும் காபிக்கும் நிழலாக நட்டது. விலை கூடின மக்கடாமியா கொட்டையும் இந்தக் குடும்பமே. பிறகு ஒன்றல்ல, பல மரபணுக்களைப் பார்த்தும் இதே விடை வந்தது. 1998-ல் வெளியான புதிய உலகளாவிய வகைப்பாடு தாமரையைப் புரோட்டியேல்ஸ் என்ற வரிசையில் வைத்தது. 2016 பதிப்பிலும் அங்கேதான் இருக்கிறது. 2013-ல் தாமரையின் முழு மரபணுத் தொகுதியும், 2020-ல் ஓர் அல்லியினுடையதும் வெளியாகிவிட்டன. இனி இதில் சந்தேகத்துக்கு இடமில்லை.

ஸ்ரீநகரில் தால் ஏரிக்கு நடுவே சார் சினார் என்று ஒரு சின்னத் தீவு இருக்கிறது. மேலே சினார் மரங்கள். ஏரியில் தாமரை, அதன் கிழங்கை நத்ரூ என்ற பெயரில் காஷ்மீரிகள் தயிரிலும் கறியிலும் போட்டுச் சமைக்கிறார்கள். அதே ஏரியில் அல்லியும் உண்டு. படகில் உட்கார்ந்திருப்பவர் கண்ணுக்கு இரண்டு பூவும் ஒரு சாதி, மரம் வேறு சாதி. உண்மையில் மரமும் தாமரையும் ஒரு வீட்டுப் பிள்ளைகள். பக்கத்தில் மிதக்கும் அல்லிதான் வெளியாள்.

சரி, அந்த மீசைக்கு வருவோம். உறவு இல்லாமலேயே இரண்டும் இப்படி ஒன்றுபோல ஆனது எப்படி?

திமிங்கலத்தை மீன் என்று மனிதர்கள் நினைத்ததும் இதே காரணத்தால்தான். அதன் நெருங்கிய உறவு நீர்யானை. ஆனால் தண்ணீரில் வேகமாக நீந்தவேண்டுமென்றால் உடம்பு இரு முனையும் கூம்பிய நூற்கதிர்போல இருந்தாக வேண்டும். காலும் முடியும் இடைஞ்சல். அந்த வாழ்க்கை கேட்ட உருவம் அது. குளத்துச் சேற்றில் வேர் விட்டுக்கொண்டு வெயிலையும் பிடிக்கவேண்டும் என்றால், அந்த வாழ்க்கையும் சில உருவங்களைக் கேட்கும். இலை அகலமாக, அலைக்குக் கிழியாமல் வட்டமாக இருந்தால் நல்லது. தண்ணீர் ஏற ஏற நீளக்கூடிய தண்டு வேண்டும். எல்லாவற்றையும்விட, சேற்றுக்குள் மூச்சு வேண்டும். குளத்துச் சேற்றில் ஆக்ஸிஜன் இல்லவே இல்லை என்று சொல்லிவிடலாம்; அந்தக் கறுப்பு நிறமும் வாடையும் அதனால் வருபவை. ஆகவே இலை வாங்கும் காற்றைத் தண்டு வழியாகக் கிழங்குக்கு இறக்கவேண்டும். தாமரைத் தண்டைக் குறுக்கே நறுக்கினால் தெரியும் ஓட்டைகள் அந்தக் காற்றுக் குழாய்கள். அல்லித் தண்டையும் நறுக்கிப் பாருங்கள், அதிலும் ஓட்டைகள். இரண்டு வீட்டிலும் ஒரே மாதிரி ஜன்னல், ஆனால் கொத்தனார் வேறு.

தேவை ஒன்றாக இருந்தால் விடையும் ஒன்றுபோல அமைவதற்கு இன்னும் வியப்பான சான்று உண்டு. தாமரைப் பூ சூடாக இருக்கும். கதை விடவில்லை, நிஜமாகவே. 1996-ல் ஆஸ்திரேலியாவில் அடிலெய்டு தாவரவியல் பூங்காவில் ரோஜர் சீமோரும் பால் ஷுல்ட்ஸே-மோட்டலும் வெப்பமானி வைத்துப் பார்த்தார்கள். வெளியே காற்று 10 டிகிரிக்கு இறங்கினாலும், பூவின் உள்ளே 30-லிருந்து 36 டிகிரி செல்சியஸுக்குள் நிலையாக நின்றது. கிட்டத்தட்ட நம் உடம்புச் சூடு. குளிர் கூடினால் பூ கூடுதல் மாவுச்சத்தை எரித்துச் சூட்டைத் தக்கவைக்கிறது. மகரந்தம் கடத்த வரும் வண்டுகளுக்கு இரவில் கதகதப்பான அறை. பூச்சி உள்ளே இருக்கும்போது இதழ்கள் குவிந்து கதவடைத்துவிடும். காலையில் உடம்பெல்லாம் மகரந்தத்தோடு வெளியே விடும். இப்போது அமேசான் காட்டுக்குப் போனால், பரிசல் அளவு இலை விடும் விக்டோரியா அல்லி அங்கே இருக்கிறது. அதுவும் பூவைச் சூடேற்றுகிறது, வண்டை இரவெல்லாம் அடைத்து வைக்கிறது. அடுத்த நாள் வெள்ளைப் பூ இளஞ்சிவப்பாகிவிடும். இவையும் ஒருவரிடமிருந்து ஒருவர் கற்றதோ, பொதுத் தாத்தாவிடமிருந்து வாங்கியதோ அல்ல.

நம் குளத்து அல்லிகளின் தந்திரம் வேறு, கொஞ்சம் கொடூரமானதும்கூட. பல அல்லிகளில் முதல் நாள் விரிந்த பூவின் நடுக்கிண்ணத்தில் ஒரு நீர்மம் நிறைந்திருக்கும். மகரந்தத்தோடு வரும் பூச்சி அதில் வழுக்கி விழும். உடம்பிலுள்ள மகரந்தம் கழுவப்பட்டுச் சூல்முடியில் சேரும். சில பூச்சிகள் தப்பிக்கும், சில மூழ்கிவிடும். இரண்டாம் நாளிலிருந்து கேசரங்கள் கிண்ணத்தின்மேல் கூரைபோல மூடிக்கொண்டு, தன் மகரந்தத்தைத் தரத் தொடங்கும்.

ஞாயிற்றைக் கண்டு தாமரை, திங்களைக் கண்டு ஆம்பல் என்று புலவர்கள் சொன்னது சும்மா சொன்னதல்ல. வெள்ளையாகவும் சிவப்பாகவும் இருக்கும் நம் அல்லிகள் சில இரவில் விரிந்து, வெயில் ஏறியதும் குவிகின்றன. அமாவாசையிலும் விரியும் என்பதால் நிலவுக்குப் பெருமை இல்லை, இருட்டுக்குத்தான். நீல அல்லி, அதாவது இலங்கையின் தேசிய மலராகிய நீலோற்பலம், பகலில் பூக்கும். இந்த விஷயத்தில் தமிழ் எனக்குக் கொஞ்சம் பெருமை தருகிறது: அல்லி, ஆம்பல், குவளை, நெய்தல், செங்கழுநீர் என்று அத்தனை பெயர் வைத்தவர்கள், எதையும் தாமரையில் ஒரு வகை என்று சொல்லவில்லை. எகிப்தின் நீல அல்லியை ஐரோப்பியர்கள் 'நீலத் தாமரை' என்று அழைத்து, அந்தப் பெயர் இப்போது நம் ஊர் இணையக் கடைகளுக்கும் வந்துவிட்டது. நீலத் தாமரை என்று ஒன்று கிடையாது. உலகில் இன்று தாமரை இனங்கள் இரண்டே: வெள்ளையிலும் இளஞ்சிவப்பிலும் பூக்கும் நம்முடையது ஒன்று, மஞ்சளாகப் பூக்கும் அமெரிக்கத் தாமரை ஒன்று. நீலமாக எதையாவது காட்டினால் அது அல்லி.

குடும்ப மரத்தைப் படிக்கும்போது எல்லாரும் இடறி விழும் ஓர் இடத்தைச் சொல்லிவிடவேண்டும். 'அல்லி முதலில் பிரிந்தது' என்றதும், 'ஆகவே அல்லி பழைய செடி, தாமரை அதிலிருந்து வந்தது' என்று புரிந்துகொள்கிறார்கள். அல்லி யாருக்கும் தாத்தா அல்ல. முதலில் ஊரைவிட்டுப் போன பெரியவரின் இன்றைய பேரனுக்கும், ஊரில் இருக்கும் பேரனுக்கும் வயது ஒன்றுதான். பிரிந்த நாளிலிருந்து இரண்டு பக்கமும் ஒரே அளவு காலம் மாறிக்கொண்டே வந்திருக்கின்றன. அந்தக் காலம் எவ்வளவு? மூன்று வாசல் மகரந்தம் பாறைகளில் ஏறத்தாழ 12.5 கோடி ஆண்டுகளுக்கு முன்பே பதிவாகியிருக்கிறது. அந்த முத்திரை தோன்றியதே அல்லி பிரிந்துபோன பிறகு என்பதால், பிரிவு அதற்கும் முந்தியது. டைனோசர்கள் நடமாடிய காலம்.

அல்லிக்கும் நெருங்கிய சொந்தம் இல்லாமல் இல்லை. ஆனால் அதுவும் நாம் எதிர்பார்க்கும் ஆள் அல்ல. டிரித்தூரியா என்று பொடிப்பொடியான செடிகள் இருக்கின்றன. சில சென்டிமீட்டர் உயரம், மழைநீர் தேங்கிய குட்டையோரத்தில் புல் கொத்துபோல் முளைக்கும். பெரும்பாலானவை ஆஸ்திரேலியாவில். ஓர் இனம் மட்டும் மகாராஷ்டிரத்தின் கொங்கணத்தில் கிடைத்தது. பெயரிலேயே கொங்கணம் இருக்கிறது. நீண்ட காலம் இவற்றைப் புல்லின் உறவுக்காரர்கள் என்றுதான் வைத்திருந்தார்கள். 2007-ல் மரபணுவைப் பார்த்தபோது, அல்லிக்கு உடன்பிறப்பு என்று தெரிந்தது. புல் என்று மிதித்துவிட்டுப் போகும் அளவில் இருப்பது அல்லிக்குச் சொந்தம். அச்சாக அல்லிபோல் இருப்பது சொந்தமில்லை.

விதைக்குள்ளும் ஒரு பார்வை பார்த்துவிடலாம், ஏனென்றால் இது சாப்பாட்டு விஷயம். ஒரு விதை தன் பிள்ளைக்குக் கட்டிக் கொடுக்கும் சோற்றை எங்கே வைக்கிறது என்பது குடும்பத்துக்குக் குடும்பம் மாறும். தாமரை விதையை உடைத்தால் இரண்டாகப் பிரியும் தடித்த பருப்பு. கொண்டைக்கடலையைப்போல, குழந்தைச் செடியின் முதல் இலைகளே சத்தைச் சேர்த்து உப்பியிருக்கின்றன. நடுவில் பச்சைப் பசேலென்று ஒரு முளை, வாயில் போட்டால் கசக்கும். ஓடு கல்லைப்போல இருக்கும். வடகிழக்குச் சீனாவில் வறண்டுபோன ஏரிப் படுகையில் தோண்டி எடுத்த தாமரை விதை ஒன்று ஏறத்தாழ 1300 ஆண்டு வயதானது என்றும், அது முளைவிட்டது என்றும் ஜேன் ஷென்-மில்லரின் குழு 1995-ல் எழுதியது. அல்லிக் கூட்டத்தில் ஏற்பாடு வேறு. அங்கே சூலுக்குள் இருக்கும் தாய்ச்செடியின் திசுவே மாவாகத் தடித்துச் சோறாகிறது. குழந்தைச் செடி ஓர் ஓரத்தில் சின்னதாக ஒட்டிக்கொண்டிருக்கும்.

அந்த மாவுச்சோற்றை நீங்கள் சாப்பிட்டிருப்பீர்கள். மக்கானா. பொரிபோல வெள்ளையாக, மொறுமொறுவென்று, இப்போது எல்லாக் கடையிலும் கிடைக்கிறது. பீகாரின் மிதிலைப் பகுதியில் குளம் குளமாக விளைவது. 2022-ல் புவிசார் குறியீடும் வாங்கியது. அது யூரியேல் என்ற முள் அல்லியின் விதை. அந்த மாவுதான் சூட்டில் பொரிகிறது. ஆனால் பொட்டலத்தின்மேல் பெரும்பாலும் 'தாமரை விதை' என்று அச்சிட்டு, பக்கத்தில் ஓர் இளஞ்சிவப்புத் தாமரைப் படமும் போட்டிருப்பார்கள்.

போன மாதம் எங்கள் தெரு மளிகைக்கடையில் அப்படி ஒரு பொட்டலத்தை எடுத்துப் பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, இது தாமரை விதை இல்ல, அல்லிக் கூட்டத்துல ஒரு செடி. ரெண்டுக்கும் ஒட்டும் இல்ல, உறவும் இல்ல" என்றேன். அவர் தராசிலிருந்து கண்ணை எடுக்காமல், "ரெண்டும் கொளத்துலதானே சார் வெளையுது?" என்றார்.

1753-ல் லின்னேயஸுக்கும் அப்படித்தான் பட்டிருக்கும் போல. கால் கிலோ வாங்கிக்கொண்டு வந்தேன்.